முதல் வரிசைச் சிரிப்பு

ஏழு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சிரிப்பது. என் மாமா மேடையில் பியானோ வாசிக்கும்போது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும் முந்திக்கொண்டு சிரிக்க வேண்டும்.

அம்மாவின் தம்பியான மாமா போர்ட் பிளேயரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தார். தூத்துக்குடியில் இருந்த காலத்தில் மாதா கோயில் பியானோவில் வெள்ளைக்காரர் சங்கீதத்தை முறையாகப் படித்தவர். தீவுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பை யாரும் சீந்தவில்லை. ஊருக்குள் டெலானிபூரில் ஒரு ஹாலில் பழைய பியானோ ஒன்று கிடந்தது. ஈரக் காற்றில் வாசிக்கும் கட்டைகள் ஊதிப்போகும் என்பதால் அதன் வயிற்றுக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரியும். மழைக்காலத்தில் அதுவும் பலிக்காது. அப்படி ஒருநாள் வாசிப்புக்கு நடுவே ஒரு கட்டை அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிட, மாமா குனிந்து அதனிடம் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டார். சபை சிரித்தது. அன்றிலிருந்து அவர் காமெடிக்காரர்.

அவருடைய பெரிய ஐட்டம் டிக்கெட் கவுண்டர்தான். ஐரோப்பிய மேதை எவரோ எழுதிய கம்பீரமான இசை ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று வலது கை பயணியாகி, "பாய் சாப், ஏக் டிக்கெட்" என்று மேல் சுரங்களில் கெஞ்சும். இடது கை கிளார்க். ஒரே ஒரு கனத்த சுரத்தில் "நஹி" என்னும். அந்த வரிசையில் நின்று நொந்துபோகாதவர் தீவில் யார்? ஆனாலும் கோட்டுப் போட்டுப் பியானோ வாசிப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று ஜனங்கள் தயங்குவார்கள். அதற்குத்தான் நான். மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் நான் சிரிக்க வேண்டும். குழந்தையே சிரித்துவிட்டதே என்று ஹாலும் துணிந்து சிரித்துவிடும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இசைப்பள்ளி நடத்துகிறவர், பியானோ ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா வாசிப்பதைக் கேட்கச் சம்மதித்திருந்தார். அதற்காக மாமா இரண்டு மாதமாக டூட்டி முடிந்ததும் ஹாலுக்குப் போய், சோகமான, நீண்ட ஓர் இசையை விடாமல் பழகினார். இதையெல்லாம் என்னிடம் யார் சொல்வார்கள்? "ஏட்டி, இன்னைக்கு ஷோ கெடையாது. நீ வீட்லயே இரு," என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா கிளம்பிப் போனார்.

என்னைப் பார்த்துக்கொள்வதாக இருந்த பக்கத்து வீட்டு வங்காளி ஆன்ட்டி, கப்பல் வந்துவிட்டதென்று தன் அண்ணனை அழைத்துவர துறைமுக ஜெட்டிக்கு ஓடிவிட்டார். வேறு வழியில்லாமல் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் அவள் கையை உதறிவிட்டு, நான் என் ஆபீஸுக்கு, அதாவது முதல் வரிசைக்கு, ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

இசை தெளிவாகக் கேட்க வேண்டும் என்று வந்தவர் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். மாமா வாசிக்கத் தொடங்கினார். எந்தப் பயணியும் கெஞ்சவில்லை. சேதி கேட்டு வந்த ஜனங்களால் நிறைந்திருந்த ஹாலில் ஓர் இருமல்கூட இல்லை. நானோ, இவ்வளவு நேரமாக ஒருவரும் சிரிக்கவில்லையே, மாமாவின் ஷோ படுத்துவிட்டதே என்று தவித்தேன். முதல் பகுதி முடிந்தது. அடுத்ததைத் தொடங்குமுன் மாமா கைக்குட்டையை எடுத்து முகத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்தார்.

அப்பாடா என்றிருந்தது. என் சர்வீஸிலேயே பெரிய சிரிப்பாக ஒன்றைச் சிரித்தேன்.

ஹாலில் அது ஒன்றுதான் கேட்டது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வந்தவர் முகத்தைச் சுளித்தார். "கிஸ்கா பச்சா ஹை?" என்று, யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டு, பின்னாலிருந்து ஓர் அதட்டல். ஹால் பொறுப்பாளர் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. உதடு பிதுங்கி அழுகை முட்டியது. அப்போதுதான் மாமா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு முழங்கையை எடுத்துக் கட்டைகளின் மேல் பொத்தென்று வைத்தார். வலது கை கெஞ்சியது. இடது கை "நஹி" என்றது. ஹால் அதிர்ந்தது. என்னைத் தூக்கிய பொறுப்பாளரே என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரித்தார். வந்தவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போகும்போது மாமாவின் தோளைத் தட்டி, "பிரமாதம் சார், மேடையை மட்டும் விட்றாதீங்க," என்றார். ஆசிரியர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அம்மா அழாத குறையாகக் கேட்டாள்: "நீ பாட்டுக்கு வாசிச்சிருக்கலாம்லா? இவள நான் வெளிய தூக்கிட்டுப் போயிருப்பேம்லா?"

"விடுக்கா," என்றார் மாமா.

டாலிகஞ்சில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில், பத்துபஸ்தியில் வண்டியை நிறுத்தி எனக்கு ஜிலேபி வாங்கித் தந்தார். "இன்னைக்கு ஒன் சிரிப்புதான்ட்டி ஷோவயே தூக்கிருச்சு," என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

மாமா இன்றும் அதே கவுண்டரில்தான் இருக்கிறார். அந்தச் சோக இசையின் மிச்சத்தை அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. அன்று அத்தனை பேரும் என்னை முறைத்தபோது, நான் சிரித்தது சரிதான் என்று ஆக்குவதற்காக அவர் அந்த ஆசிரியர் வேலையைக் கைவிட்டார் என்பது, ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றபடி பாகு ஒழுக ஒழுக ஜிலேபி தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.