ஓட்டை அடைக்கிறவர்

அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, எல்லோருக்கும் டீ கொடுக்கிற அந்த அம்மாளுக்கு ஒரு சமயம் முட்டி வீங்கிக் குனிய முடியாமல் போயிற்று. அந்த நாட்களில் அங்கே கம்ப்யூட்டரில் படம் பார்க்கிறவர் ஒருவர் மட்டும், கிளம்புமுன் தன் குப்பைக்கூடையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவருக்கு அங்கே ‘ஓட்டை அடைக்கிறவர்’ என்று பெயர்.

“சட்டையில பட்டன் ஓட்டையாவது மிச்சம் இருக்காண்ணே, அதையும் அடைச்சாச்சா?” என்பான் பக்கத்து மேசைக்காரன்.

“உன் வாயத்தான்டா அடைக்க முடியல.”

ஒருநாள் அவளே கேட்டாள். “அப்படி என்னதாண்ணே அடைக்கிறீங்க?”

திரையைக் காட்டினார். நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரத்தின் இரும்புக் கை. “எவ்வளவு பாரம் தாங்கும்னு செய்யறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் பார்க்கணும் தங்கச்சி. அதுக்கு இதுமேல வலை மாதிரி கட்டங்கட்டமாப் போர்த்தும். குட்டி ஓட்டை, பொறிச்ச எழுத்து எல்லாம் இருந்தா வலை அங்கங்க சிக்கிக்கும். பாரத்துக்குச் சம்பந்தமில்லாததை நான் எடுத்துடுவேன். படத்துல மட்டும்தான். செய்யற சாமான்ல எல்லாம் இருக்கும்.”

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவருக்கு யாருமில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் பேசும் முதல் வார்த்தை கரகரவென்று வரும். இரண்டு நாள் பேசாத தொண்டை. அந்த மேசைதான் அவருக்கு வீடும் வாசலும்.

அந்தக் கையைச் செய்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். மடங்குகிற இடத்தில், எண்ணெய் விடும் துளையிலிருந்து விரிசல் விட்டது. ஆண்டவன் புண்ணியம், அதில் ஆள் யாரும் இல்லை. தாங்கும் என்றுதானே கம்ப்யூட்டர் சொன்னது? பழி அதைச் செய்துகொடுத்த பட்டறைக்காரர் தலையில் விடிந்தது.

“துளை போடத் தெரியாதவனெல்லாம் பட்டறை வச்சிருக்கான்! இனிமே அவனுக்கு இங்க வேலை கிடையாது” என்று மேனேஜர் குதித்தார்.

அவள் டீத் தட்டோடு நின்றிருந்தாள். ஓட்டை அடைக்கிறவர் எழுந்தார்.

“அவர் மேல தப்பில்ல சார். ஸ்க்ரூ ஓட்டை ஏகப்பட்டது இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பார்க்காம, இந்த அளவுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் அடைன்னு கம்ப்யூட்டருக்கு ஒரேயடியாக் கொடுத்துட்டேன். எண்ணெய்த் துளையும் அதோட போயிடுச்சு. துளையே இல்லாத கையைத்தான் கம்ப்யூட்டர் பார்த்துச்சு.”

“உட்காருங்கண்ணே, உங்களை யாராவது கேட்டாங்களா?” பக்கத்து மேசைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சட்டையை இழுத்தான்.

அவர் உட்காரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழைய படத்தை யார் தோண்டப்போகிறார்கள்? கடவுளே, இந்த இடத்தை விட்டால் இந்த மனுஷனுக்குப் போக்கிடம் ஏது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாளே போகச் சொல்லிவிட்டார்கள். இழுப்பறையிலிருந்து கண்ணாடிக்கூடு, சீப்பு, தலைவலித் தைலம் எல்லாம் எடுத்துப் போட்டும் பை பாதிகூட நிறையவில்லை. அவள் வாசல்வரை கூடவே வந்தாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“பழக்கதோஷத்துல நாளைக்கு எனக்கும் ஒரு டீ ஊத்திடாத தங்கச்சி. வீணாப் போயிடும்.”