புதுச் சாமைக்கு வந்த போன்

ரஞ்சிதத்தைக் கண்டால் விடுதி மெஸ்ஸில் பாதிப் பேருக்கு ஆகாது. வேலூரில் சுற்றுச்சூழல் படிப்பில் முதுகலை படிக்கிறாள். படிப்பைப் படிப்போடு விட்டாளா? மிச்சச் சோற்றைக் கொட்டுகிற டிரம் பக்கத்தில் தினமும் போய் நின்றுகொள்வாள். "வேணுங்கற அளவு மட்டும் போட்டுக்குங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுவாள்.

"வந்துட்டாம்மா சோத்து இன்ஸ்பெக்டர்!" என்பாள் அறைத்தோழி ஷோபனா. "நான் இந்த அரை இட்லிய முழுங்கிட்டா வெயில் கொறஞ்சிடுமா இன்னா?"

"கொறையாது. அதுக்காகக் கொட்டுவியா?"

ஷோபனா முனகிக்கொண்டே முழுங்குவாள். மேடையேற்றிவிட்டாலும் ரஞ்சிதம் மளமளவென்று பேசுவாள். பருவம் தப்புகிற மழை, வருடா வருடம் ஏறுகிற வெயில் எல்லாம் வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இனி பிளாஸ்டிக் பாட்டில் வாங்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள், நாலு நாளில் மறப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு மூன்று பேர் மறக்கவில்லை.

இவ்வளவு பேசுகிறவளுக்கு மனசு முழுக்க மலைமேல்தான் கிடந்தது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் அவள் வீடு. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமையை அறுத்துக் குத்திச் சோறாக்கினால், வீட்டு ஆள் அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகுதான் முதல் கவளம். ஒருவர் வெளியூரில் இருந்தாலும் மற்றவர்கள் ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டு காத்திருப்பார்கள். அவள் படிக்க இறங்கிய நாளிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் அம்மா சாந்தம்மாளின் போன் தவறாமல் வரும். "சாமை காத்துனு கீது, வா." அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வருடம் பூராவும் ஏங்குவாள்.

இந்த வருடம் கார்த்திகை பாதி போயும் போன் வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"எம்மா, இன்னும் சாமை ஆக்கலியா?"

"ஆக்கலாம், ஆக்கலாம். நீ படி."

"அங்க மழை கொட்டுச்சாமே?"

"இங்க ஒன்னுமில்ல கண்ணு."

மறுபடி கூப்பிட்டாள். அதற்கும் மறுபடி கூப்பிட்டு, "என்னை விட்டுட்டுத் தின்னுட்டீங்களா?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். அம்மா அப்பாவிடம் ஏதோ கிசுகிசுத்தது போனில் கேட்டது.

"சாமை காத்துனு கீது, வா" என்றாள் சாந்தம்மாள்.

அடடா, அவளைப் பிடிக்க முடியுமா! பஸ் மாறி, ஷேர் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கடைசிப் பாதையை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். வழியில் ஒரு நிலத்தில் சாமைப் பயிர் படுத்துக் கிடந்தது. அறுக்கிற நேரத்தில் பெய்த மழையில் கதிரிலேயே முளைத்துக் கறுத்திருந்தது. யார் வயிற்றெரிச்சலோ, பாவம் என்று நினைத்தாள். நம் நிலம் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் நிற்காது என்று தேற்றிக்கொண்டாள்.

அப்பா கருப்பன் அவளைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டியாம்மா?" என்று பையை வாங்கிக்கொண்டார். மூவரும் உட்கார்ந்தார்கள். சாந்தம்மாள் ஆவி பறக்கச் சாமைச் சோறு போட்டுக் கீரைக் குழம்பை ஊற்றினாள். ரஞ்சிதம் முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். புதுத் தானிய வாசனை இல்லை. சேர்த்துவைத்த தானியத்தில் பூச்சி விழாமலிருக்கப் போடுகிற வேப்பிலையின் கசப்புதான் லேசாக நாக்கில் பட்டது.

நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். அடுத்த விதைப்புக்கென்று எடுத்துவைக்கிற விதைச் சாமைப் பானை அங்கே இல்லை. கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அம்மா, இது விதைச் சாமைதான?"

சாந்தம்மாள் குழம்பைக் கலக்கினாள். கருப்பன்தான் சொன்னார்.

"நம்ம நிலமும் போச்சும்மா. போன வருசமே பாதிதான் தேறுச்சு. இனிமே வெதைக்கிறதா இல்ல. தை பொறந்தா நாங்க காப்பித் தோட்டத்துக்குப் போறோம், கர்நாடகா பக்கம். வெதய வச்சினு எலிக்கா போடறது? நீ வேற கேட்டுனே இருந்த."

அவள் மேடையில் சொல்கிற கதைதான். ஒரு எழுத்து மாறவில்லை. இப்போது சொந்த வீட்டில் கேட்டாள். தை பிறந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். அடுத்த கார்த்திகையில் எங்கே வா என்று அம்மா கூப்பிடுவாள்? ஐயோ, நச்சரிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பானையாவது பரணில் இருந்திருக்குமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"ஆறிடப் போவுது, சாப்டு கண்ணு" என்றாள் சாந்தம்மாள்.

ரஞ்சிதம் சாப்பிட்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, கை பாட்டுக்குப் பிசைந்தது. தட்டு காலியானதும் நீட்டி, "இன்னும் போடும்மா" என்றாள். மறுபடியும் நீட்டினாள். வேண்டுமளவு மட்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு வயிறு எப்போதோ நிறைந்திருந்தது. ஆனாலும் பானையில் சோறு இருக்கிற வரைக்கும் இது தன் வீடுதான், வா என்று தன்னைக் கூப்பிட்ட வீடுதான் என்று தோன்றியது.

"பசி போல புள்ளைக்கு" என்று பூரித்துப்போய் சாந்தம்மாள் பானைக்குள் கரண்டியை விட்டுச் சுரண்டினாள். ஒன்றும் வரவில்லை.