கனடாவில் பெர்மனென்ட் ஆன மகள்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம். கனடாவில் நர்ஸாக இருந்த எனக்கு பி.ஆர். கிடைத்தது. நிரந்தரமாக வசிக்க அனுமதி, அவ்வளவுதான். ஆனால் சுசீந்திரத்தில் அப்பா ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி, மகள் பெர்மனென்ட் ஆகிவிட்டாள் என்று தெரு முழுக்க வடை கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு அது சாதாரணச் சொல் இல்லை. ஒரு நூற்பாலையில் பல வருடம் தற்காலிகத் தொழிலாளியாக அல்லாடியவர். தொடர்ந்து இத்தனை நாள் வேலை பார்த்தால் பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று விதி. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். திரும்பிப் போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. தலை நரைத்த பிறகுதான் அவர் பெர்மனென்ட் ஆனார். அப்புறம் கால் ஒடிந்து மாதக்கணக்கில் படுத்தபோதுகூட வேலை எங்கும் போகவில்லை.

மறு வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா இல்லை. அண்ணனுக்கு நாகர்கோவிலில் கடை. நீதானே நர்ஸ், வந்து பார் என்றான். குடியுரிமை கேட்க வேண்டுமென்றால், கேட்பதற்கு முந்திய ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது நான் அந்த நாட்டிலேயே இருந்திருக்க வேண்டும், ஊரில் இருக்கும் நாள் சேராது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பெர்மனென்ட் ஆனவளுக்கு லீவு போட என்னட்டி தடை?" என்று சிரித்தான்.

அவனுக்காக இல்லை, அப்பாவுக்காகப் போனேன். வேலையை விட்டுவிட்டு பத்து மாதம் இருந்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு தெப்பக்குளம் வரை நடக்க வைத்த பிறகுதான் விமானம் ஏறினேன். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. குடியுரிமை வாங்கிவிட்டால், இந்தியாவில் எத்தனை நாளும் தங்க விடும் ஓ.சி.ஐ. அட்டையோடு வந்து, யாருக்கும் நாள் கணக்கு சொல்லாமல் அப்பாவோடு இருக்கலாம். அதற்காகத்தான் அவரை விட்டுவிட்டுப் போய் அங்கே நாளைச் சேர்த்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பத்து மாதம் அப்படியே கழிந்து போயிருந்தது. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததும், மலம் அள்ளியதும், ஊட்டிவிட்டதும் எல்லாம் நாட்டில் இல்லாத நாட்கள். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வயிறு எரிந்தது.

இன்னும் நாலு மாதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்ற நேரத்தில் அப்பா மறுபடி விழுந்தார். வருகிறேன் என்றேன். அண்ணன் போனை அவர் காதில் வைத்தான். நாக்கு குழறிக் குழறி வந்தது.

"வரண்டாம் மக்ளே. நாளு திகையப் போற நேரம் பிரேக் விழப்பிடாது. எனக்கு விழுந்தது போதும்."

எங்கள் வீட்டில் அந்த விதி கடைசியில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது. புரியாமலே இருந்திருக்கலாம், வா என்று கூப்பிட்டிருப்பார். நான் கேட்கவில்லை, டிக்கெட் போட்டேன். ஏறுவதற்குள் போய்விட்டார். ஐஸ் பெட்டிக்குள்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடியும்வரை இருந்தேன். அந்த நாட்களும் கழிந்தன.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்று வருடக் கணக்கு நிறைந்து நாள் திகைந்தது, விண்ணப்பித்தேன், உறுதிமொழி எடுத்தேன், கையில் ஒரு கொடி கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் சந்தோஷத்தில் அழுதாள். நானும் அதற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

போன வருடம் அப்பாவின் திதிக்கு அந்த அட்டையோடு வந்தேன். பெட்டியை இறக்குவதற்கு முன்பே அண்ணன் கேட்டான், "எத்தன நாளு நிப்ப?"

எத்தனை நாள் வேண்டுமானாலும் என்றேன். அவன் முகம் மாறியது. அப்பாவின் அறையில் கடைச் சரக்கு அடுக்கியிருந்தது. இரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டேன்.

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. இனி நான் ஊரில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நிற்கலாம், நில்லு மக்ளே என்று சொல்லத்தான் ஆள் இல்லை.