வெண்டலின் பச்சைச் சில்லு

ரீனோவில் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த வெண்டல் ஹ்ருஸ்காவை எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் பொருட்படுத்தியதில்லை. மூடிப்போன சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடிய பழைய வட்டச் சில்லுகளைச் சேர்ப்பவர்கள் நாங்கள். காப்பிக்கடைப் பின்னறையில் கூடி, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வோம். நான் இருபது வருஷம் சூதாட்ட விடுதியில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் பிரித்துக் கொடுத்தவள். எனக்காவது சொல்லக் கதைகள் இருந்தன. வெண்டலிடம் இருந்ததெல்லாம் எல்லாரிடமும் இருந்தவை. பத்தொன்பது வருஷம் கடைசி மேசையில் உட்கார்ந்து எழுந்துபோனான்.

எங்கள் ஊரில் ஐம்பதுகளில் மூடப்பட்ட சின்ன விடுதி சில்வர் லார்க். அதன் பச்சைச் சில்லு உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம் என்று நம்பியிருந்தோம். ஒன்று எங்கள் கூட்டத்து மார்வின் ஓக்ஸிடம் இருந்தது. கண் மங்கத் தொடங்கியதும் அதைக் கைமாற்ற மார்வின் சம்மதித்தான். பதிலுக்கு வெண்டல் தன் தொகுப்பு முழுவதையும் கொடுத்தான். அதுவும் போதாமல் தன் சின்னப் படகையும் கொடுத்தான்.

"அந்தப் படகை விட்டா நாம ரெண்டு பேரும் சேந்து போற இடம்னு வேற எது இருக்கு, வெண்டல்?" என்று அவன் மனைவி லெனோர் என் எதிரிலேயே கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை என்னை விடு, லெனோர்" என்றான்.

அந்த வருஷம் ஜூனில் லாஸ் வேகாஸில் நடந்த சில்லு சேர்ப்பவர்களின் பெரிய கூட்டத்தில், பச்சைச் சில்லைப் பார்க்க அவன் மேசை முன்னால் வரிசை நின்றது. ஓஹையோவிலிருந்து வந்த ஒருவர் அவன் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். வெண்டல் மத்தியானம் சாப்பிடவே எழவில்லை.

அக்டோபரில் நான்காம் தெருவில் பழைய சலவைக் கட்டடத்தை இடித்தார்கள். தரையைப் பெயர்த்தபோது கான்கிரீட்டுக்குள்ளிருந்து பச்சைப் பச்சையாகச் சில்லுகள் கொட்டின. விடுதி மூடியபோது மிச்சச் சில்லுகளை, பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்த ஈரக் கான்கிரீட்டில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள். சேதி கேட்டு நான்தான் வெண்டலைக் காரில் அழைத்துப்போனேன்.

அவன் முழங்காலிட்டு ஒன்றை எடுத்து, பேனாக்கத்தியால் சுரண்டினான். சில்வர் லார்க்கின் வானம்பாடி முத்திரை தெரிந்தது. இன்னொன்றைச் சுரண்டினான். அப்புறம் இன்னொன்று.

"பெரியவரே, பை நிறைய அள்ளிக்குங்க. இங்க யாரு கேக்கப்போறா?" என்றான் ஒரு தொழிலாளி, நல்லெண்ணத்தோடுதான்.

வெண்டல் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

கொடுத்ததைத் திரும்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க நேராக மார்வின் வீட்டுக்குப் போனோம். வெண்டல் கொடுத்த தொகுப்பை மார்வினின் மருமகன் எப்போதோ இணையத்தில் உதிரி உதிரியாக விற்றுத் தீர்த்திருந்தான். படகும் கைமாறிவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா" என்று மார்வின் அழுதேவிட்டான்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தாக்கூடத் தேவலை, மார்வின். கோவிச்சுக்கவாவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும்."

அதற்கப்புறம் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வந்தான். எல்லாரும் பரிதாபப்பட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதை அவனால் தாங்க முடியவில்லை. டிசம்பரோடு நின்றுவிட்டான். லெனோர் சண்டை எதுவும் போடாமல் பாய்சி நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரத்துக்கு என்றுதான் சொன்னாள்.

மார்ச்சில் நான் பால் வாங்கப் போன மளிகைக்கடையில், எங்கள் ஊர்க் கடைகளில் வழக்கமாக இருக்கிற வாசலோரச் சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரிந்து சில்லு சேர்த்தானே ஒழிய, ஒருநாளும் சூதாடியதில்லை.

"சனிக்கிழமை வாயேன், வெண்டல்."

"வந்து என்ன பண்ண, ஆர்லின்?"

லெனோர் எப்போது வருகிறாள் என்று கேட்டேன். "அவ அங்க நல்லாத் தூங்குறாளாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினான். நான் பாலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.