திருப்பி வைத்த செதில்கள்

படித்தவர்கள் எழுதும் மலரில் நான் எழுதுவது சரியில்லை என்றுதான் முதலில் சொன்னேன். பத்தாவதோடு நின்றவள் நான். அரூரில் பிளவுஸ் தைக்கிறேன். அளவு குறிக்கும் நோட்டைத் தவிர வேறு எதிலும் எழுதிப் பல வருடமாகிறது. ஆனால் அத்தையிடம் படித்த பெண் ஒருத்தி, அத்தை பணி ஓய்வு பெறுவதற்கு மலர் போடுகிறோம், வீட்டு ஆள் ஒருவராவது எழுத வேண்டும் என்று மூன்று முறை போன் செய்துவிட்டாள். மீனைப் பற்றி எனக்குக் குழம்பு வைக்க மட்டும்தான் தெரியும் என்றேன். அதையாவது எழுதுங்க அக்கா என்றாள். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா ஜிலேபி மீனு செதில்ல பல்லு இருக்கும், ரோகுச் செதில்ல இருக்காது. அத மட்டும் சரியா எழுது" என்றார்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவர் மீன் படிப்பில் ஆராய்ச்சி மாணவி. கல்லூரி எங்கேயோ கடற்கரைப் பக்கம் இருந்தது. ஆராய்ச்சிக்கு மட்டும் அவர் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். கடலை விட்டுவிட்டு யாராவது இந்த ஏரிக்கு வருவார்களா என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஏரி சில வருடம் ததும்பும், சில வருடம் கோடையில் நடுவில் மட்டும் குட்டையாகச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் மீன் எப்படி வளர்கிறது என்பதுதான் அத்தையின் ஆராய்ச்சி.

குத்தகைக்காரர்கள் வலை இழுக்கும் நாளில் அத்தை விடிந்ததும் கரையில் இருப்பார். பள்ளிக்கூடம் இல்லையென்றால் நானும் கூடப் போவேன். தண்ணீரின் மேல் வெள்ளையாகப் பனி நிற்கும். அதற்குள்ளிருந்து முதலில் பேச்சு வரும், பிறகு இருமல் வரும், கடைசியில்தான் பரிசல் வரும். மீன்களை ஈரச் சாக்கில் கொட்டியதும் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ரோகு மட்டும்தான் வேண்டும். அளவு கோடு போட்ட பலகையில் மீனைப் படுக்கவைத்து நீளம் பார்ப்பார். தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரே இடத்திலிருந்து இடுக்கியால் ஆறு செதில் எடுத்துச் சின்னக் காகிதக் கவரில் போடுவார். கவரின் மேல் தேதி, நீளம், எடை, கடைசியில் 6 என்று எழுதுவார்.

வலைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் அத்தையைச் சும்மா விடமாட்டார்.

"டாக்டரம்மா, இந்தப் பொண்ணுக்கு என்ன வயசுங்க?"

"ரெண்டு முடிஞ்சு மூணு நடக்கும்."

"இன்னும் முட்டை விடலைங்களே."

"இது இந்த ஏரியில முட்டை போடாதுங்க. ஓடற ஆத்துத் தண்ணிதான் வேணும் இதுக்கு."

"அப்ப உங்களாட்டம்னு சொல்லுங்க" என்பார் அவர். அத்தை சிரித்தபடி அடுத்த மீனை எடுப்பார்.

வீட்டில் சின்ன அறை முழுக்க அத்தையுடையது. ஜன்னலோரம் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மைக்ராஸ்கோப் இருந்தது. பக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் கவர்கள் மாதவாரியாக நின்றன. பெட்டியின் அடியில் ஒரு போட்டோ கிடந்தது. ஏதோ ஒரு கட்டிடத்தின் முன்னால் ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். செதில் பற்றிக் கண்டுபிடித்தவராக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அத்தை என்னை ஸ்டூலில் ஏற்றி அந்தக் குழாய்க்குள் பார்க்கவிட்டார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் நிறைந்தது. அந்த வெளிச்சத்துக்குள் கோடு கோடாக, வட்டம் வட்டமாக, கல் விழுந்த தண்ணீர் அப்படியே நின்றுபோன மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. விட்டால் அலை கலைந்துவிடும்.

"தள்ளித் தள்ளி இருக்குது பாரு, அது நல்லாத் தின்ன காலம். நெருங்கி நெருங்கி ஒரு கட்டாட்டம் தெரியுதா? அது ஏரி வத்துன கோடை" என்றார் அத்தை.

எனக்கு அந்தக் கோடை எங்கே எழுதியிருக்கும் என்று கேட்டேன்.

"உனக்கு முட்டியில இருக்குது பாரு. சைக்கிள்ல விழுந்தியே."

அன்றிலிருந்து நான் கொஞ்ச நாள் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்த மாதிரிதான் இருந்தேன். வகுப்பில் டீச்சர் பேசும்போது குரல் மேலேயிருந்து வந்தது. தூங்குவதற்கு முன் கண்ணை மூடினால் வட்டங்கள் விரிந்தன.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. நாடகத்தில் என்னை ராணியாகப் போட்டிருந்தார்கள். ராஜா பேசுவார், மந்திரி பேசுவார், ராணி பக்கத்தில் நிற்க வேண்டும். என் வாயிலிருந்து குரல் வராது என்று டீச்சருக்குத் தெரியும். கிரீடத்தை அவரவர் வீட்டில் செய்துகொண்டு வரச் சொன்னார். அட்டையில் மஞ்சள் காகிதம் ஒட்டி அம்மா செய்துகொடுத்தார். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஜிகினா கேட்டேன். பேசாத ராணிக்கு இது போதும் என்றார் அம்மா.

அத்தை அப்போது பத்து நாள் கல்லூரிக்குப் போயிருந்தார். செருப்புப் பெட்டி அங்கேயே இருந்தது. காய்ந்த செதிலை வெயிலில் பிடித்தால் ஒரு பக்கம் வெள்ளியாகவும் திருப்பினால் லேசாக ரோஜா நிறமாகவும் மின்னும். கவருக்கு இரண்டு வீதம் எடுத்தேன். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். வரிசை வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறினாற்போல், மீன் உடம்பில் எப்படி இருக்குமோ அப்படி. இன்றைக்கு ஜமிக்கி வைத்துத் தைக்கும்போதும் அந்த வரிசைதான் எனக்குக் கைக்கு வருகிறது.

கவர்களைத் திரும்ப அடுக்கும்போதுதான் அந்த 6 கண்ணில் பட்டது. உள்ளே நான்குதான் இருந்தன. எனக்குக் கழித்தல் நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாங்கிய ஜிலேபி மீனைப் புழக்கடையில் கல்லில் தேய்த்தார். தெறித்த செதில்களைப் பொறுக்கிக் கழுவி, அத்தை செய்வதுபோலவே துடைத்துக் காயவைத்து, இரண்டிரண்டாகப் போட்டேன். பாதிக் கவருக்குத்தான் வந்தது. நல்லவேளையாக, புதன்கிழமை அப்பா எங்கேயோ அணைப் பக்கம் போய்வந்தவர் பெரிய ரோகு ஒன்று கொண்டுவந்தார். மீதிக் கவர்களும் நிறைந்தன. எல்லாவற்றிலும் ஆறு ஆறு. நான் செய்ததிலேயே ஒழுங்கான காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

விழாவில் கிரீடம் விளக்கில் மின்னியது. ஜிகினா எந்தக் கடை என்று டீச்சர் கேட்டார். எனக்கு வசனம் இல்லை, பேசாமல் நின்றேன். மந்திரியாக நடித்தவள் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தாள்.

அத்தை வந்தார். அடுத்த நாளே மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். வட்டங்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முட்கள் இருந்தன.

"ரோகுக்குப் பல்லு மொளைச்சிருக்குது. எப்படிங்க ராணி?"

கிரீடத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அத்தை அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகாக ஒட்டியிருக்கிறாய் என்றார். பிறகு சொன்னார்: "எடுத்தது பரவால்ல கண்ணு. நாலு இருந்தாலே எனக்குப் போதும். திருப்பி வெச்ச பாரு, அதான் வம்பு. ஜிலேபி மட்டும்தான வெச்ச?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து பல் உள்ள செதில்களையெல்லாம் இடுக்கியால் பொறுக்கி எறிந்தார். அணை ரோகு மட்டும் எங்கள் ஏரி ரோகுகளோடு கவருக்குள் தங்கிவிட்டது.

அத்தை ஆராய்ச்சியை முடிக்க அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அரூரில் ஒரு மாப்பிள்ளை. அவருக்கு வடக்கே வேலை. தையில் கல்யாணத்தை முடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். தைக்குள் ஏரி வேலை முடிய வேண்டும். அதற்குப் பிறகு அத்தையின் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் அத்தை தனக்குத்தானே பேசிக்கொண்டு எழுதுவார். "ஒரே மீனு, ரெண்டு செதிலு ரெண்டு வயசு சொல்லுதே. வத்துற ஏரின்றதாலயா?" என்பார். நான் கதவோரம் நின்று கேட்பேன். எங்கிருந்தோ வந்த அந்தப் பெரிய மீன் கவர் கவராகப் புகுந்து வாயைத் திறந்து மூடுவதுபோல எனக்குத் தெரியும். அது வற்றாத தண்ணீரில் வளர்ந்த மீன். அதற்குக் கோடையே தெரியாது.

ஒரு சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. அப்பா தோட்டத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அத்தை பெரிய கட்டத்தாளை விரித்தார். பேராசிரியர் விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது புதுசும்மா. ஒரே மீன்ல செதிலுக்குச் செதில் இவ்வளவு வித்தியாசம் நான் பார்த்ததில்லை. வத்துற ஏரிக்கே உள்ள குணம்போல. இதை வெச்சே நீங்க பெரிசா எழுதலாம்."

அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பா தொண்டையைச் செருமி, அப்ப தையில நாள் வெச்சுக்கலாங்களா சார் என்றார். தாராளமா, என்றார் அவர்.

அத்தை டம்ளர்களைக் கழுவப் பின்பக்கம் வந்தார். நான் பின்னாலேயே போனேன். அடி குழாயை நான் அடித்தேன், அவர் கழுவினார். மூன்றாவது டம்ளரில் சொல்லிவிட்டேன்.

"ரோகும் வெச்சேன் அத்தை. அப்பா வாங்கியாந்தது. அணை ரோகு."

அத்தையின் கை நின்றது. நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன், டம்ளர் நிரம்பித் தண்ணீர் வழிந்தது.

"எந்தெந்தக் கவர்ல?"

"தெரியல."

அத்தை டம்ளர்களைக் கவிழ்த்துவைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "நாம மூணு பேருதான். வாயத் தொறக்காட்டி யாருக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுங்களே அண்ணி" என்றார் அத்தை.

முன்பக்கம் போய், "சார், இந்தப் பெட்டியில வேற மீனோட செதில் கலந்துருச்சுங்க. எதுல எதுன்னு பிரிக்க முடியாது. இத எடுத்துக்க முடியாதுங்க" என்றார்.

எப்படிக் கலந்தது என்று பேராசிரியர் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என் கவனக்கொறைவுங்க சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டத்தாளை அவரே சுருட்டினார். சொன்னது நல்லதும்மா, மறுபடி எடுங்க, ஒரு வருஷம் ஆகும், என்றார். அப்பா, "இன்னொரு வருசமா?" என்று மட்டும் கேட்டார். பேராசிரியரை பஸ் ஏற்றிவிட்டு வந்து அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னை யாரும் அடிக்கவில்லை. அத்தை என் பெயரைச் சொல்லவில்லை, அதனால் நான் செய்தது பெரிய தப்பு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். இன்னும் ஒரு வருடம் அத்தை எங்களோடு இருப்பார், சின்ன அறையும் மைக்ராஸ்கோப்பும் இருக்கும், ஒருவகையில் நான் நல்லதுதான் செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். அத்தை செருப்புப் பெட்டியைக் காலி செய்தபோது கூடமாட உதவினேன். கவர்களைக் கிழித்துப் போட்டார். அடியிலிருந்த போட்டோவை மட்டும் தனியே எடுத்து ஒரு பழைய தாளில் மடித்து, தபால் கவருக்குள் வைத்து ஒட்டினார். அரூர் முகவரி எழுதினார். செதில் கண்டுபிடித்தவர் அரூர்க்காரரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

அது மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற போட்டோ என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. எத்தனை மாதமாக அது அந்தப் பெட்டிக்குள் கவர்களோடு கவராக இருந்தது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கறிக்கடைக்குப் போகிற வழியில் அத்தையை வண்டியில் ஏற்றிப்போய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். அத்தை கையில் புதுக் கவர் கட்டு இருந்தது. வீட்டில் மீன் வாங்கவில்லை, கோழி எடுத்தோம்.