சண்முகத்தாய் மூடிய பள்ளம்

ஆபீசர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து சண்முகத்தாய் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஓடைக்கரையில் கல் பொறுக்கி, கூடையில் சுமந்து வந்து கொட்டி, மேலே மண்ணை வெட்டித் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். நான்கு நாள் வேலை. கூடமாட யாரும் இல்லை. புருஷன் சோணைமுத்துவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவான்.

அது 1986, புரட்டாசி மாதம். சேத்தூருக்கு மேற்கே மலையடிச் சரிவில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம். சுந்தரபாண்டியத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. பதினாறு வருஷத்தில் அதைக் கடலை விளையும் நிலமாக்கியது அவள் கைதான். ஆனால் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு போய், நடுவில் இடுப்பளவு பள்ளம் விழுந்திருந்தது. சரிவுக்குக் குறுக்கே உயரமாக வரப்பு போட்டால் மண் நிற்கும். சிறு விவசாயிகளுக்கு அந்த வரப்பை அரசாங்கமே மிஷின் வைத்துப் போட்டுத் தரும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மண் பாதுகாப்பு ஆபீசில் மனு எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்காகத்தான் ஆபீசர் நிலத்தைப் பார்க்க வருகிறார்.

"ஏட்டி, மலையவே பேத்துக் கொண்டாந்து கொட்டிருவ போலருக்கே" என்றான் சோணைமுத்து.

"ஒரு ஆளு நம்ம எடத்துக்கு வாரான்னா குப்பையும் கூளமுமாவா காட்டுவாக? பாடுபடுதவளுக்குத்தான் குடுப்பான். போட்டது போட்டபடி கெடந்தா எவன் குடுப்பான்?"

ஆபீசர் வந்தார். மோர் குடித்தார். வரப்போரமாக நடந்து பார்த்துவிட்டு, "நெலத்த நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி ஏதோ எழுதினார். காட்டிய இடத்தில் சண்முகத்தாய் கையெழுத்துப் போட்டாள். அன்று அவள் நடையே வேறாக இருந்தது.

மேல்நிலத்துக்காரன் மாரிச்சாமியும் மனு கொடுத்திருந்தான். மழை அறுத்துப்போட்ட தன் நிலத்தில் மூன்று வருஷமாக அவன் ஏர் பூட்டவில்லை. ஆபீசருக்கு வழியைக் கைகாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

பதினைந்து நாளில் பஞ்சாயத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மாரிச்சாமி பெயர் இருந்தது. சண்முகத்தாய் பெயர் கீழே தனியாக இருந்தது. அதற்கு நேராக 'மண் அரிப்பு இல்லை, உதவி தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

மாரிச்சாமி சிரித்தான். "ஏ மதினி, நெலத்துக்குப் பொட்டு வச்சு, பூ முடிச்சுல்லா நிறுத்தியிருக்க! பொண்ணு பாக்கவா வந்தாரு? என்னையப் பாரு, ஒத்தக் கல்ல அசைக்கல."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மண்ணைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு, குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மிதித்த கால்தடம்கூட அதில் அழியாமல் இருந்தது. சோம்பேறியின் நிலத்தைக் கண்ட கண்ணுக்கு, நான்கு நாள் முதுகொடித்தவளின் வேலை மட்டும் தெரியாமல் போயிற்று. தெரியாததை 'இல்லை' என்று எழுதிவிட்டால் முடிந்தது.

ஐப்பசி முதல் மழை இரண்டு மணி நேரம்தான் பெய்தது. போட்ட மண் அத்தனையும் ஓடைக்குப் போயிற்று. கல் மட்டும் மிஞ்சியது. பள்ளம் முன்னைவிட அகலமாக வாயைப் பிளந்தது. மறுநாளே சண்முகத்தாய் சேலை மாற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

ஆபீசருக்கு அவளை ஞாபகம் இருந்தது.

"பள்ளம் இருந்துச்சு சார். நீங்க வாரீகன்னுதான் மூடுனேன்."

"எதுக்கும்மா மூடுனீங்க?"

"வாரவிய கால் இடறி விழுந்துரப்பிடாதுல்லா?"

பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பார்த்ததத்தான் எழுத முடியும்."

"புது மண்ணு எது, பழைய மண்ணு எதுன்னு கூடவா சார் தெரியல? இது மண்ணு ஆபீசுதான?"

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசர் கோபிக்கவில்லை. இரங்குகிற குரலிலேயே சொன்னார். "இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு. மாசியில மறுபடி அளக்க வருவேன். அதுவரைக்கும் பள்ளத்தைத் தொடாதீங்க. மழை பூராவும் போகட்டும். எவ்வளவு பெருசா அறுக்குதோ அவ்வளவு நல்லது. உங்க பேர் முதல்ல வரும்."

"ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாச மழையுமா? பாதி நெலம் போயிருமே சார். கடலச் செடி வேற நிக்கி."

"வரப்பு வேணும்னா அப்படித்தாம்மா. பார்த்தாத்தானே எழுத முடியும்?" புது மனுத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இனிமே மூட மாட்டீங்கல்ல?"

சண்முகத்தாய் அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கீழே வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. விட்டுருவீங்கல்ல?"

மனுத்தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு அவள் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.