தோளைத் திருப்பும் அண்ணாச்சி

நெருள் ஏரிக்கரையில் நாங்கள் வாங்கிய மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர். தாராவியில் வெகுகாலம் கடை வைத்திருந்தவர். வெள்ளை மீசை, மடித்துக் கட்டிய சாரம். எவ்வளவு அகலமான சாலையானாலும், எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பி ஒருக்களித்துத்தான் போவார்.

வீடுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைக் குறைத்துக் கட்ட மாநகராட்சியிடம் விலக்குக் கேட்டிருந்தோம். அதற்கு அவர் சம்மதம் வேண்டும்.

“ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுங்க, அண்ணாச்சி.”

“தாராவி சந்துல ஒருக்களிச்சே காலம் போச்சு, தம்பி. ரெண்டு பேரு நேரா நடக்க எடம் விடுங்க, எழுதித் தாரேன்.”

விட்டோம். அடுக்களை சுருங்கியதில் என் மனைவிக்கு இன்னும் வருத்தம்.

தினமும் மாலை அந்த வழியாகத்தான் அண்ணாச்சி ஏரிக்கு நடக்கிறார். தாராளமான வழிதான். ஆனாலும் எதிரே என்னைக் கண்டதும் தோளைத் திருப்புகிறார். இப்போதெல்லாம் நானும் திருப்புகிறேன்.